சிண்டி ஷெர்மன்

சிண்டி ஷெர்மன் (பிறப்பு: ஜனவரி 19, 1954) ஓர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆவார். திரைப்படம், விளம்பரம், ஆடையலங்கார இதழ்கள், பழைய ஓவியங்கள் ஆகியவற்றில் பெண்கள் எவ்வாறு காட்டப்படுகிறார்கள் என்பதைத் தன்னையே மாதிரியாக நிறுத்தி ஆராய்ந்தவர். 1970களின் நடுப்பகுதியில் இருந்து இவர் எடுத்துவரும் ஒளிப்படங்களில் பெரும்பாலானவற்றில் தோன்றுபவர் இவரே. ஆயினும் அவற்றுள் எதுவும் தன்னுருவப்படம் அன்று என்பது இவரது நிலைப்பாடு. படத்தில் இருப்பது ஒரு குறிப்பிட்ட பெண் அல்ல. "பெண் என்றால் இப்படித்தான்" என்று சமூகம் மனத்தில் வைத்திருக்கும் ஒரு வார்ப்புரு ஆகும்.

அந்த வார்ப்புருக்கள் பொய்முடி, உதட்டுச்சாயம், உடை, வீட்டுப் பொருட்கள் போன்ற கடையில் வாங்கக்கூடிய பொருட்களால் ஆனவை என்பதை இவரது படங்கள் வெளிப்படையாகக் காட்டுகின்றன. இதனால் பாலினம் பற்றியும் நுகர்வுப் பண்பாடு பற்றியும் நடைபெறும் விவாதங்கள் இரண்டிலும் இவரது பெயர் தவறாமல் இடம்பெறுகின்றது. 'தலைப்பில்லாத திரைப்பட நிலைப்படங்கள்' (1977–1980) என்னும் தொடர் இவரது மிகவும் அறியப்பட்ட படைப்பாகும்.

இளமையும் கல்வியும்

ஷெர்மன் நியூ ஜெர்சி மாநிலத்தின் கிளென் ரிட்ஜ் என்னும் ஊரில், ஐந்து பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். பின்னர் குடும்பம் நியூ யார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள ஹண்டிங்டனில் குடியேறியது. தந்தை கிரம்மன் வானூர்தி நிறுவனத்தில் பொறியாளராகவும் தாய் ஆசிரியையாகவும் பணியாற்றினர். தொலைக்காட்சியும் மாறுவேடமும் இவரது சிறுவயது விருப்பங்கள். சிறுமியாக இருந்தபோது குடும்ப ஒளிப்படங்களை ஒட்டி ஓர் ஏடு தயாரித்து, ஒவ்வொரு படத்திலும் தன்னை வட்டமிட்டு "இது நான்" என்று எழுதி வைத்தார். 'சிண்டி நூல்' எனப்படும் இவ்வேடு பிற்காலக் கண்காட்சிகளில் வைக்கப்பட்டது.

1972இல் பஃபலோ நகர அரசுக் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். மற்ற படங்களைப் பார்த்து அப்படியே வரைவதை விட ஒளிப்படக்கருவியைப் பயன்படுத்துவது பயனுள்ளது என்று கருதி ஒளிப்படக் கலைக்கு மாறினார். அங்கு கட்டாயப் பாடமாக இருந்த ஒளிப்பட வகுப்பில் முதல்முறை இவர் தேர்ச்சி பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் ஆசிரியை பார்பரா ஜோ ரெவெல் இவருக்குக் கருத்துருக் கலையை அறிமுகம் செய்தார். 1974இல் ராபர்ட் லாங்கோ, சார்லஸ் கிளஃப் முதலிய இளங்கலைஞர்களுடன் சேர்ந்து 'ஹால்வால்ஸ்' என்னும் கலைக்கூடத்தை உருவாக்கியவர்களுள் இவரும் ஒருவர்.

மாணவப் பருவத்தில் இவர் எடுத்த 'பொம்மை உடைகள்' (1975) என்னும் குறும்படம் இவரது பிற்காலப் பணிக்கு முன்னோட்டம் எனலாம். அதில் ஷெர்மன் ஒரு காகிதப் பொம்மையாக வருகிறார். பொம்மை தன் உறையில் இருந்து இறங்கி, உடைகளைத் தேர்ந்து அணிந்து, கண்ணாடியில் அழகு பார்க்கிறது. அப்போது பெரிய கை ஒன்று வந்து உடையைப் பறித்துக்கொண்டு பொம்மையை மீண்டும் உறைக்குள் வைத்துவிடுகின்றது. உடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்ணுடையதா அல்லது அந்தக் கையினுடையதா என்னும் கேள்வி இவரது பிற்காலத் தொடர்களிலும் வெவ்வேறு வடிவங்களில் எழுகின்றது.

பணிமுறை

ஷெர்மன் பெரும்பாலும் உதவியாளர் இன்றித் தனியாகவே பணிபுரிபவர். ஒரு திரைப்படப் பிரிவில் பலர் செய்யும் ஒப்பனை, உடையலங்காரம், அரங்க அமைப்பு, நடிப்பு, ஒளியமைப்பு, படப்பிடிப்பு ஆகிய அனைத்தையும் இவர் ஒருவரே செய்கின்றார். ஒளிப்படக்கருவியின் அருகில் ஒரு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் உருவம் தனக்கு அறிமுகம் இல்லாத வேறொருவராக மாறும்வரை ஒப்பனையையும் முகபாவத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பது இவரது வழக்கம்.

இவர் தம் படங்களுக்குப் பெயர் இடுவதில்லை. 'தலைப்பற்றது' என்னும் சொல்லும் ஓர் எண்ணும் மட்டுமே கொடுக்கப்படுகின்றன. பெரும்பாலான தொடர்களின் பெயர்கள் விமர்சகர்களும் அருங்காட்சியகங்களும் வசதிக்காக இட்டவை. தலைப்பு இல்லாததால், படத்தில் உள்ள பெண் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பவற்றைப் பார்வையாளரே கற்பனை செய்ய வேண்டியுள்ளது. பார்வையாளர் தம்மை அறியாமல் தம் மனத்தில் உள்ள வார்ப்புருவை எடுத்துப் பயன்படுத்துவது இவ்விடத்தில்தான்.

தலைப்பில்லாத திரைப்பட நிலைப்படங்கள் (1977–1980)

1977இல் தேசியக் கலை நிதியத்தின் உதவித்தொகை கிடைத்ததும் ஷெர்மன் நியூ யார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ்' என்னும் கலைக்கூடத்தில் வரவேற்பாளராகப் பணியாற்றினார். சில நாட்களில் செவிலியர் போன்ற வேடங்களில் பணிக்கு வந்ததும் உண்டு.

திரைப்படங்களை விளம்பரம் செய்வதற்காகப் படப்பிடிப்புத் தளத்தில் தனியாக எடுக்கப்படும் ஒளிப்படங்கள் நிலைப்படங்கள் எனப்படும். தமிழ்த் திரையுலகில் இவை 'ஸ்டில்ஸ்' என வழங்கும். இல்லாத திரைப்படங்களுக்கு இத்தகைய நிலைப்படங்களை உருவாக்குவதே ஷெர்மனின் திட்டமாகும். 1950கள், 60களின் ஹாலிவுட் படங்கள், குற்றக் கதைப் படங்கள், ஐரோப்பியக் கலைப்படங்கள் ஆகியவற்றின் சாயலில் இவை அமைந்தன. எனினும் எந்தவொரு குறிப்பிட்ட திரைப்படத்தையும் இவை நகலெடுக்கவில்லை. பார்ப்பவர்கள் பலர் "இந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன்" என்று எண்ணுவது இத்தொடரின் சிறப்பு.

இல்லத்தரசி, அலுவலகப் பெண், நூலகப் பெண், ஊரை விட்டு ஓடிவந்தவள், மயக்கும் அழகி, அழுது ஓய்ந்தவள் எனப் பல பெண்கள் இத்தொடரில் உள்ளனர். 3ஆம் எண் படத்தில் சமையலறைத் தொட்டியின் அருகில் மேலங்கி அணிந்த பெண் ஒருத்தி தோளுக்குப் பின்னால் யாரையோ திரும்பிப் பார்க்கிறாள். 10ஆம் எண் படத்தில் கடையில் வாங்கிய பொருட்கள் பை கிழிந்து தரையில் சிதறிக் கிடக்க, குந்தியிருக்கும் பெண் நிமிர்ந்து நோக்குகிறாள். 21ஆம் எண் படத்தில் தொப்பி அணிந்த இளம்பெண் உயர்ந்த கட்டடங்களின் நடுவே தயக்கத்துடன் நிற்கிறாள். படத்திற்கு வெளியே வேறு யாரோ இருக்கிறார் என்ற உணர்வை இவற்றுட் பல தருகின்றன.

இவை 8 க்கு 10 அங்குல அளவிலான கறுப்பு-வெள்ளைப் படங்கள். மலிவான விளம்பரப் படங்களைப் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே இவற்றின் தரம் வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டது. தன் குடியிருப்பு, நண்பர்களின் வீடு, நியூ யார்க் தெருக்கள், பெற்றோருடன் சென்ற அரிசோனா பயணம் ஆகியவற்றில் இவற்றை எடுத்தார். சிலவற்றில் உடன் இருந்தவர்கள் பொத்தானை அழுத்தினர். காட்டுவதற்குப் புதிய வார்ப்புருக்கள் தீர்ந்துவிட்டன என்று உணர்ந்தபோது, 1980இல் தொடரை நிறுத்தினார். அப்போது தொடரில் 69 படங்கள் இருந்தன. பின்னர் ஒரு படம் சேர்க்கப்பட்டு 70 ஆனது.

நடுப்பக்கப் படங்கள் (1981)

1981இல் 'ஆர்ட்ஃபோரம்' என்னும் கலை இதழ் ஷெர்மனிடம் ஒரு படத்தொகுதியைக் கேட்டது. எதிரெதிராக உள்ள இரண்டு பக்கங்களை நிரப்பும் அகன்ற வடிவத்தை அவர் தேர்ந்தெடுத்தார். இது ஆண்களுக்கான இதழ்களின் நடுப்பக்கத்தில் பெண்களின் நிர்வாணப் படங்கள் அச்சிடப்படும் அதே வடிவமாகும். ஆனால் ஷெர்மனின் 12 வண்ணப் படங்களில் உள்ள பெண்கள் உடையணிந்துள்ளனர். சிலர் அச்சத்திலும் சிலர் சோர்விலும் சிலர் ஏக்கத்திலும் உள்ளனர். கண்கள் ஒளிப்படக்கருவியைப் பார்ப்பதில்லை. கவர்ச்சிப் படம் ஒன்றை எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பும் வாசகர், துயரத்தில் இருக்கும் ஒருவரை ஒளிந்து பார்ப்பவர் போன்ற சங்கடத்தை அடைய வேண்டும் என்பது இவரது எண்ணம்.

அப்போதைய ஆசிரியர் இங்கிரிட் சிஷி, இப்படங்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் எனக் கருதி அவற்றை வெளியிடவில்லை. பின்னர் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது அந்த ஐயம் ஓரளவு மெய்யானது. கறுப்புப் போர்வையால் மார்பை மூடியபடி படுத்திருக்கும் பெண்ணைக் காட்டும் 93ஆம் எண் படம், பாலியல் வன்முறைக்கு உள்ளானவரைக் காட்டுவதாகச் சிலர் கண்டித்தனர். இரவு முழுவதும் கொண்டாட்டத்தில் இருந்துவிட்டு அப்போதுதான் உறங்கப் போன பெண்ணையே தாம் நினைத்ததாக ஷெர்மன் விளக்கினார். ஒரே படத்தில் ஒருவர் பாதிக்கப்பட்டவரையும் மற்றொருவர் களைத்தவரையும் காண்பது, படத்தின் பொருள் படத்தில் மட்டும் இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றது.

இதனை அடுத்து 1982இல் எடுத்த 'இளஞ்சிவப்பு அங்கி' படங்களில், ஒப்பனை ஏதும் இன்றிக் குளியலங்கியால் உடலை மூடிய பெண் ஒளிப்படக்கருவியை நேராகப் பார்க்கிறாள். நடுப்பக்கப் படத்திற்கு நிற்கும் மாதிரி அழகி, இரு படப்பிடிப்புகளுக்கு இடையே ஓய்வெடுக்கும் நிலையாக இது கருதப்படுகின்றது.

ஆடை விளம்பரங்கள்

1983இல் டயான் பென்சன் என்னும் நியூ யார்க் ஆடைக்கடை உரிமையாளர் தம் விளம்பரத்திற்காக ஷெர்மனை அணுகினார். 1984இல் டோரோத்தே பிஸ் என்னும் பிரெஞ்சு ஆடை நிறுவனத்திற்காகவும் இவர் படங்கள் எடுத்தார். ஆடை விளம்பரத்தின் அடிப்படை, இந்த ஆடையை வாங்கினால் இப்படத்தில் உள்ளவரைப் போல் ஆகலாம் என்னும் வாக்குறுதியாகும். ஷெர்மனின் படங்களில் விலையுயர்ந்த ஆடைகளை அணிந்திருப்பவர்களோ களைத்தும் முகம் சிவந்தும் சினத்துடனும் காணப்பட்டனர். பிரெஞ்சு நிறுவனத்தினர் இவற்றை விரும்பவில்லை. அவர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க அடுத்த படங்கள் மேலும் கடுமையாயின.

எனினும் ஆடையலங்காரத் துறை இவரைக் கைவிடவில்லை. கோம் தெ கார்சோன், பலென்சியாகா போன்ற நிறுவனங்கள் பின்னர் இவருடன் இணைந்து பணியாற்றின. 2011இல் மேக் என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் விளம்பரத்திலும் இவர் பல வேடங்களில் தோன்றினார். எள்ளி நகையாடுபவரையும் வணிகம் தன் விளம்பரத்திற்குப் பயன்படுத்திக்கொள்ள வல்லது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றது.

உடல் மறையும் படங்கள்

1985இல் தொடங்கிய தேவதைக் கதைப் படங்களில் செயற்கை மூக்கு, பல் முதலிய உறுப்புகளை இவர் பயன்படுத்தத் தொடங்கினார். 1986 முதல் 1989 வரையிலான படங்களில் இவரது உடல் படிப்படியாக மறைந்தது. அழுகிய உணவு, வாந்தி, குப்பை ஆகியவை படத்தை நிரப்பின. 1987இல் எடுத்த 175ஆம் எண் படத்தில் தின்று மிஞ்சிய இனிப்புப் பண்டங்களும் வாந்தியும் சிதறிக் கிடக்கின்றன. அங்குள்ள குளிர்கண்ணாடியின் பிரதிபலிப்பில் மட்டும் ஒரு முகம் தெரிகின்றது. மெலிந்த உடலை வேண்டுவதும் இனிப்புகளை வாங்கத் தூண்டுவதும் ஒரே விளம்பர உலகம்தான் என்னும் முரண்பாட்டுடன் இப்படத்தை விமர்சகர்கள் தொடர்புபடுத்துகின்றனர்.

1992இல் வெளிவந்த பாலியல் படங்களில் மருத்துவப் பயிற்சிக்கான செயற்கை உடல் உறுப்புகளைப் பொருத்தியும் பிரித்தும் படமெடுத்தார். எய்ட்சு நோய் பற்றிய அச்சமும், கலைக்கு அரசு நிதி வழங்குவது தொடர்பான தணிக்கை விவாதமும் அமெரிக்காவில் தீவிரமாக இருந்த காலம் அது.

வரலாற்று உருவப்படங்கள் (1988–1990)

ஐரோப்பிய ஓவியங்களின் சாயலில் எடுக்கப்பட்ட இத்தொடரில் 35 படங்கள் உள்ளன. பிரபுக்கள், கன்னி மரியாள், செல்வச் சீமாட்டிகள் ஆகியோராக ஷெர்மன் வேடமிட்டார். பொருத்தப்பட்ட மூக்கும் மார்பும் ஒட்டு தெரியும்படியே விடப்பட்டன. 224ஆம் எண் படம் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் 'நோயுற்ற பாக்கசு' ஓவியத்தைத் தழுவியது. அந்த ஓவியத்தில் கரவாஜியோ தன்னையே கடவுளாக வரைந்துள்ளார் எனக் கருதப்படுகின்றது. எனவே இப்படத்தில் ஒரு பெண், கடவுள் வேடமிட்ட ஓர் ஆணாக வேடமிடுகின்றார். பாலினத்தை வேடமாகக் காட்டும் இவரது முறைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

முதுமை, செல்வம், கைபேசி

2000இல் தொடங்கிய ஹாலிவுட்/ஹாம்ப்டன் தொடரில், வாய்ப்புத் தேடும் வயதான நடிகைகளும் வசதி படைத்த நடுவயதுப் பெண்களும் படத்திற்கு நிற்கின்றனர். 2003–2004இல் கோமாளிகள் தொடரில் முதன்முதலாக எண்முறைப் பின்னணிகளைப் பயன்படுத்தினார். 2008இல் வெளியான சமூகச் சீமாட்டிகள் தொடரில், செல்வந்தர் வீட்டு மூத்த பெண்கள் மாளிகைகளின் முன் பெருமிதத்துடன் நிற்கின்றனர். படத்தின் அளவு பெரியது என்பதால், கனத்த ஒப்பனையும் அதன் கீழுள்ள சுருக்கங்களும் ஒன்றாகத் தெரிகின்றன. இளமையை விலைக்கு வாங்க முடியும் என நம்ப வைக்கப்பட்டவர்களின் அச்சம் இப்படங்களில் உள்ளது. இவை கேலிப் படங்களா பரிவான படங்களா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகின்றது.

2016இல் 1920களின் திரைப்பட நடிகைகளை ஒத்த, முதுமையை எட்டிய பெண்களாகத் தோன்றினார். 2017இல் தம் இன்ஸ்டகிராம் பக்கத்தைப் பொதுப்பார்வைக்குத் திறந்தார். முகத்தை அழகாக்கிக் காட்டுவதற்காக உருவாக்கப்பட்ட கைபேசிச் செயலிகளைக் கொண்டு, தம் முகத்தை உருக்குலைத்து அங்கு வெளியிட்டார். 2020இல் காட்சிக்கு வைக்கப்பட்ட தொடரில் ஆண்களாகவும், ஆண் பெண் எனப் பிரித்துச் சொல்ல இயலாத உருவங்களாகவும் தோன்றினார்.

விமர்சனங்களும் விவாதங்களும்

பிரித்தானியத் திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வழமையான திரைப்படம் ஆணின் பார்வைக்கு ஏற்பப் பெண்ணைக் காட்சிப்பொருளாக அமைக்கின்றது என்று வாதிட்டார். ஷெர்மனின் நிலைப்படங்கள் இக்கோட்பாட்டிற்கு எடுத்துக்காட்டுகளாகவே பலராலும் வாசிக்கப்பட்டன. மல்வியும் பின்னர் ஷெர்மனைப் பற்றி விரிவாக எழுதினார். ஜூடித் வில்லியம்சன், பார்வையாளரே படத்தில் பெண்மையைக் கொண்டுவந்து சேர்க்கின்றார் என்றும், அதனை உணர வைப்பதே இப்படங்களின் பணி என்றும் வாதிட்டார். ரோசலிண்ட் கிராவுசு, படத்தில் உள்ள பாத்திரத்தின் கதையைத் தேடுவதை விட்டு, ஒளி, சட்டகம், தொலைவு ஆகியவை அப்பாத்திரத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதையே கவனிக்க வேண்டும் என்றார். ஷெர்மனோ தாம் கோட்பாட்டு நூல்களைப் படித்து இவற்றை உருவாக்கவில்லை என்று கூறியுள்ளார்.

இவர்மீது வைக்கப்படும் முதன்மையான மறுப்பு, வார்ப்புருவை மீண்டும் படமெடுப்பதால் அது உடைகிறதா வலுப்பெறுகிறதா என்பதாகும். திரைப்பட நிலைப்படங்களை வெறும் அழகிய பழங்காலப் படங்களாக விரும்புவோரும் உண்டு. அவர்களுக்கு இப்படங்கள் எந்தச் சங்கடத்தையும் தருவதில்லை. இதற்கு மறுமொழியாக, பிந்தைய தொடர்களில் ஷெர்மன் அழகையே நீக்கிவிட்டதை ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுவர்.

மற்றொரு விமர்சனம் இனம் தொடர்பானது. மாணவப் பருவத்தில் எடுத்த 'பேருந்துப் பயணிகள்' (1976) தொடரில் கறுப்பினத்தவராகத் தோன்றுவதற்கு முகத்தில் கரிய சாயம் பூசியிருந்தார். வெள்ளையின நடிகர்கள் இவ்வாறு பூசிக்கொண்டு கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய வரலாறு அமெரிக்காவில் உள்ளதால், இப்படங்கள் பிற்காலத்தில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. பெண் பற்றிய வார்ப்புருக்களை நுணுக்கமாக அணுகியவர் இன வார்ப்புருவை அவ்வாறு அணுகவில்லை என்பது இக்கண்டனத்தின் சாரம்.

கலைச் சந்தையில்

மலிவுப் படங்களைப் போலத் தோன்றுமாறு உருவாக்கப்பட்ட திரைப்பட நிலைப்படங்களின் முழுத் தொகுதியை நியூ யார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1995இல் ஏறத்தாழ 10 இலட்சம் டாலருக்கு வாங்கியதாகச் செய்திகள் வெளியாயின. 1997இல் அத்தொகுதி அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டபோது பாடகி மடோனா அதற்கு நிதியாதரவு அளித்தார். நடுப்பக்கப் படங்களுள் ஒன்றான 96ஆம் எண் படம் மே 2011இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 38.9 இலட்சம் டாலருக்கு விற்பனையானது. அப்போது ஓர் ஒளிப்படத்திற்கு ஏலத்தில் கிடைத்த மிக உயர்ந்த விலை அதுவே. அதே ஆண்டு நவம்பரில் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் படம் ஒன்று அதனை விஞ்சியது. 2014இல் 21 நிலைப்படங்கள் கொண்ட ஒரு தொகுதி 67 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. நுகர்வை ஆராயும் படங்களே விலையுயர்ந்த நுகர்பொருட்களாக மாறியதும் இவரைப் பற்றிய விவாதங்களில் இடம்பெறுகின்றது.

தாக்கம்

யப்பானியக் கலைஞர் யசுமாசா மோரிமுரா, 96ஆம் எண் படத்தில் ஷெர்மனின் இடத்தில் தன்னை நிறுத்தி 1998இல் ஒரு படம் எடுத்தார். ஓர் ஆண், ஷெர்மன் நடித்த பெண்ணாக நடிக்கும் படம் அது.

இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என். தன்னையே மாதிரியாக நிறுத்தி எடுத்த படங்கள் ஷெர்மனின் படங்களுடன் ஒப்பிடப்படுவதுண்டு. ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து இவர் உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் பற்றிய தொடரில் (2000–2004), நாட்காட்டி ஓவியங்கள், குடியேற்றக்கால மானிடவியல் படங்கள் ஆகியவற்றுடன் ஜெ. ஜெயலலிதாவின் தமிழ்த் திரைப்பட நிலைப்படம் ஒன்றும் மீளுருவாக்கம் செய்யப்பட்டது. ஆனால் ஷெர்மன் மூலப்படம் இல்லாத நகல்களை உருவாக்கினார். புஷ்பமாலா அறியப்பட்ட மூலப்படங்களையே எடுத்துக்கொண்டார். இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது.

கண்காட்சிகளும் விருதுகளும்

- 1982: வெனிசு ஈராண்டுக் கலைவிழாவிலும் ஜெர்மனியின் டாக்குமெண்டா கண்காட்சியிலும் பங்கேற்பு
- 1983: குகன்ஹைம் ஆய்வுநல்கை
- 1987: நியூ யார்க் விட்னி அருங்காட்சியகத்தில் மீள்நோக்குக் கண்காட்சி
- 1995: மெக்ஆர்தர் ஆய்வுநல்கை
- 1999: ஹசல்பிளாட் விருது
- 2012: நியூ யார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 170க்கும் மேற்பட்ட படங்களுடன் மீள்நோக்குக் கண்காட்சி
- 2016: யப்பானின் பிரேமியம் இம்பீரியாலே விருது
- 2019: லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் கண்காட்சி
- 2020: பாரிசு லூயி வித்தோன் அறக்கட்டளையில் கண்காட்சி, இசுரேலின் வுல்ஃப் பரிசு

இவை தவிர 1997இல் 'ஆபீஸ் கில்லர்' என்னும் முழுநீளத் திரைப்படம் ஒன்றையும் ஷெர்மன் இயக்கியுள்ளார்.